குறி போடாத ஓட்டை

மெத்தை நுரையை அறுக்கும் சத்தம் மாடி வரை கேட்கும். காதில் கேட்பதைவிடப் பல்லில் உணர்வது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கலாம். மெத்தைக்காரர் காலையில் கடையின் இரும்புக் கதவைத் தூக்கியதும் முதல் வேலையாக அந்த நீளக் கத்தி இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பார். அதுதான் என்னை எழுப்பும். அவர் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். பகலில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை, மாலையில் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே இறங்கிப் போய் அவர்களோடு உட்கார்ந்து தலையணைக்குப் பஞ்சு அடைப்பேன். கூலிக்கு இல்லை. தனியாக இருந்தால் சாப்பிடத் தோன்றாது, அவ்வளவுதான்.

கீழே நான்கு பேர். மெத்தைக்காரர் அதிகம் பேசமாட்டார். அளவெடுக்கும்போது மட்டும் வாய்விட்டுப் பேசுவார், அதுவும் தனக்குத் தானே. உறை தைப்பது அவர் மனைவி. நானும் அவரை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கடைக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் அவர்கள் நிற்கிற விதத்தைப் பார்ப்பார். "உங்க முதுகுக்கு இது ஆகாதுங்க. கெட்டியா இருக்கற மெத்ததான் சரி" என்பார். கெட்டி மெத்தைக்கு விலை அதிகம் என்பதற்கும் அந்த முதுகுகளுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை. பிறகு இரண்டு பெண்கள். பெரியவள் நிதானம். ஒரு நூலைக் கோர்ப்பதென்றாலும் முனையை நறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, அப்புறம்தான் கோர்ப்பாள். சின்னவள் நூலைப் பல்லால் கடித்து ஒரே குத்தில் கோர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் தைத்த உறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வீட்டுக்குள் வில் வந்தது நுரை வழியாகத்தான். ஊருக்கு வெளியே, பழைய ஆலைக்குப் பின்னால் ஒரு மைதானம். அங்கே வில்வித்தை சொல்லிக் கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். தொண்டை கட்டிய குரல். அவர் ஒரு மழைக்காலத்தில் கடைக்கு வந்திருக்கிறார்.

"வைக்கோல் பலகையெல்லாம் ஊறிப் போய் முளைக்கவே ஆரம்பிச்சிடுச்சுங்க. நுரையில கட்டித் தர முடியுமா?"

"எதுக்கு?" என்று மெத்தைக்காரர் கேட்டார்.

"அம்பு விடறதுக்கு. போற அம்ப நிறுத்தணும், ஆனா உடைக்கக் கூடாது."

"மனுசங்க படுக்கறதுக்குத்தான் இங்க செய்யறோம்" என்று தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாராம். "இப்ப அம்பு படுக்கறதுக்கும் செய்யணுமா?"

செய்தார்கள். மெத்தைக்காரர் கெட்டி நுரையைப் பட்டை பட்டையாக அறுத்து, ஆள் உயரத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு மரப்பலகை, கீழே ஒரு மரப்பலகை வைத்து, இரண்டு பக்கமும் நீளத் திருகுக் கம்பி போட்டு இறுக்குவார். அம்பு பட்டைகளின் இடுக்கில் புகுந்து நின்றுகொள்ளும். மாதக் கணக்கில் அடி வாங்கினால் நடுப் பட்டைகள் மட்டும் தளர்ந்துபோகும். அப்போது திருகைக் கழற்றி, நடுவில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதிய பட்டை செருக வேண்டும். புதியது கையில் இல்லாவிட்டால் பழையதையே திருப்பி, அடி படாத பக்கம் முன்னால் வரும்படி வைப்பதும் உண்டு. எல்லா மைதானங்களிலும் அப்படிச் செய்வார்கள் என்று மாஸ்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அதை அவர் எத்தனையோ முறை மெத்தைக்காரரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது திருகைப் பிடித்துக்கொள்ள பெரியவள் கூடப் போவாள். அப்படிப் போனவள் கையில் மாஸ்டர் ஒரு பயிற்சி வில்லைக் கொடுத்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் சின்னவளும் போக ஆரம்பித்துவிட்டாள்.

ஒருமுறை நானும் அவர்களோடு போய்ப் பார்த்தேன். எனக்கு விளையாட்டு எதுவும் புரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்று நாணை இழுத்தபோது யார் யார் என்று முதுகைப் பார்த்தே சொல்ல முடிந்தது. பெரியவள் நாணை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து, காற்று வீசும் பக்கத்தைக் காட்டும் கொடியைப் பார்த்து, இன்னொரு முறை பார்த்து, அதன் பிறகே விடுவாள். சில சமயம் விடாமலே இறக்கி வைத்துவிடுவாள். சின்னவள் இழுத்தால் விட்டதுதான். மோசமாகப் போனால் அதைத் தொலைநோக்கியில் பார்க்கக்கூட மாட்டாள், அடுத்ததை எடுத்துவிடுவாள்.

"அதுதான் இவகிட்ட இருக்கற சொத்து" என்றார் மாஸ்டர். "போன அம்பு போச்சு. பெரியவ ஒவ்வொரு அம்பையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா. இவ அங்கேயே விட்டுடுவா."

"ஆமா, இவ எதையும் அங்கேயே விட்டுட்டுத்தான் வருவா. சாப்பாட்டு டப்பாவும் அதுல சேர்த்தி" என்றாள் பெரியவள். சின்னவள் சிரித்துக்கொண்டே அவள் கைக் கவசத்தை இழுத்து விட்டாள்.

இருவருமே விளையாட்டில் மேலே வந்தார்கள். ஊர்ப் போட்டி, பிறகு வட்டாரம். அதன் பிறகுதான் அந்தத் தேர்வு. தேசியப் பயிற்சி மையத்துக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு இடம். அங்கே போகிறவர்களுக்கு நல்ல வில், வெளிநாட்டுப் போட்டி எல்லாம் உண்டு. போகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அன்று நான் அங்கே இல்லை. நான்கு பேரும் நான்கு விதமாகச் சொன்னதை அடுக்கி வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தவறு இருந்தால் அது அடுக்கியதில் இருக்கலாம்.

ஒரு பலகைக்கு நான்கு பெண்கள். சீட்டுக் குலுக்கியதில் அக்காவும் தங்கையும் ஒரே பலகையில் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு சுற்று அம்பும் விட்டு முடித்ததும் நான்கு பேரும் பலகைக்கு நடந்து போவார்கள். இரண்டு பேர் புள்ளிகளை எழுதுவார்கள். மற்ற இரண்டு பேர், அம்பைப் பிடுங்குவதற்கு முன்னால், இலக்குத் தாளில் ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் பேனாவால் சின்னக் கோடு இழுக்க வேண்டும். அது எதற்கென்றால், ஒரு அம்பு பலகையைத் துளைத்துக்கொண்டு பின்னால் போய் விழுந்துவிட்டால், கோடு இல்லாத ஓட்டை எதுவோ அதுதான் அந்த அம்பு பட்ட இடம் என்று கண்டுபிடிக்கலாம். கோடு இல்லாத ஓட்டைகள் இரண்டு இருந்தால் குறைந்த புள்ளி எதுவோ அதைத்தான் கொடுப்பார்கள். யாரும் ஏமாற்றக் கூடாதே.

பெரியவள் எழுதும் பக்கம். சின்னவளும் ஒரு வெளியூர்ப் பெண்ணும் கோடு போடும் பக்கம். கடைசிச் சுற்றுகள் நெருங்கியபோது பெரியவள் முன்னால் இருந்தாள். அப்போதுதான் அவளுடைய அம்பு ஒன்று பலகைக்குள் நிற்காமல் தாண்டிப் போய்ப் புல்லில் விழுந்தது. நடுவர் வந்து பார்த்தார். தாளில் கோடு இல்லாத ஓட்டைகள் இரண்டு. ஒன்று நடுவில் மஞ்சளில். இன்னொன்று நீலத்தில், ஆறு புள்ளி.

"நான் மஞ்சள்லதான் விட்டேன் சார். விடும்போதே தெரியும்" என்று பெரியவள் சொன்னாள்.

"தெரியும்மா. ஆனா ரூல் இதுதான்" என்றார் நடுவர். பிறகு கோடு போட்டது யார் என்று கேட்டார். வெளியூர்ப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பெரியவளுக்கு ஆறு கிடைத்தது. முடிவில் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் சின்னவளுக்கு இடம் கிடைத்தது.

அந்தப் பலகையைக் கட்டியவர் மெத்தைக்காரர். அந்த வாரம் மழையில் சரக்கு வண்டி வரவில்லை. நடுப் பட்டைகளைத் திருப்பித்தான் வைத்திருந்தார். போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பலகையைக் கடைக்குக் கொண்டுவந்து திருகைக் கழற்றி, நடுவிலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுத்திய இடம் மெதுவாகத்தான் எழுந்தது.

"பழசு" என்றார். யாரிடம் என்றில்லை.

"அப்பா, எல்லாரும் திருப்பித்தான் வெப்பாங்க. விடுங்க" என்றாள் பெரியவள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்க்காமல் விட்டவர் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் இல்லை, சண்டை இல்லை. சின்னவள் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டாள். பெரியவள் வில்லைக் கட்டி வைத்துவிட்டுக் கடை வேலைக்கு வந்தாள். நுரை அறுக்கும் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டாள். அவள் இயந்திரத்தின் பக்கம் வந்தால் அவர் உறை அடுக்கும் பக்கம் போய்விடுவார். அவள் சாப்பிட உட்கார்ந்தால் அவருக்குக் கடையில் ஏதோ வேலை ஞாபகம் வரும். பேச வேண்டியது எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

"நாலு இஞ்சு கனம் போதும்னு அவகிட்ட சொல்லு."

"ரெண்டு எட்டு வெச்சா அவ காதுக்குள்ளயே சொல்லலாம். நான் என்ன இங்க தபால் ஆபீஸா நடத்தறேன்?"

"சொல்லேன்."

"ஏய், நாலு இஞ்சாம். உங்கப்பா கடல் தாண்டிச் சொல்லி அனுப்பியிருக்காரு" என்று அம்மா திரும்பிச் சொல்வார். பெரியவள் சிரிப்பாள். முதல் சில வாரங்கள் சிரித்தாள் என்று சொல்ல வேண்டும். பிறகு அம்மாவும் அந்தக் கிண்டலை விட்டுவிட்டார். சொன்னதை மட்டும் கடத்தினார்.

மாஸ்டர் பலகை கேட்டு வந்தால் மெத்தைக்காரர் கையை விரித்துவிடுவார். "வேற எங்கயாவது பாத்துக்குங்க. நான் கட்டறதில்ல."

இதற்கிடையில் சின்னவள் ஏறிக்கொண்டே போனாள். முதலில் வெண்கலம் ஒன்று, பிறகு ஒரு தங்கம், பிறகு செய்தித்தாளில் படம். காற்று அடித்த நாளில் மற்றவர்கள் தடுமாறியபோது அவள் மட்டும் இழுத்தாள், விட்டாள் என்று எழுதியிருந்தார்கள். வெளிநாட்டுப் போட்டிக்கான அணியில் அவள் பெயர் வந்தது. கிளம்புவதற்கு முன் சில நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். தோள் அகன்றிருந்தது, குரல்கூடக் கொஞ்சம் மாறியிருந்தது. அப்பாவும் அக்காவும் இருக்கும் விதத்தை அவள் கண்ணால் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் ஒரு இரவு தங்குவாள், போய்விடுவாள்.

அவளைப் பேட்டி எடுக்க ஒரு பத்திரிகைக்காரப் பெண் வந்தாள். கடையில் இருந்ததிலேயே புதிய மெத்தையை அம்மா உட்காருவதற்கு எடுத்துப் போட்டார்.

"உங்க வெற்றிக்கு யார் காரணம்?"

"எங்க அக்கா" என்றாள் சின்னவள் உடனே. "அவதான் முதல்ல வில்லப் பிடிச்சா. நான் ஜெயிச்சதெல்லாம் அவளுக்காகத்தான்."

பெரியவள் அப்போது தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். பத்திரிகைக்காரப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க இப்ப விளையாடறதில்லையா?"

"டீ ஆறிடும், எடுத்துக்குங்க" என்றாள் பெரியவள்.

"அப்பா என்ன சொல்றீங்க? உங்க பலகையிலதான் ரெண்டு பேரும் பழகினாங்களாமே?"

மெத்தைக்காரர் இருந்த இடத்தில் இல்லை. பின்பக்கக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. "அவருக்கு போட்டோன்னா கூச்சம்" என்று அம்மா சமாளித்தார். "எங்க கல்யாணப் படத்துலயே பாதி மூஞ்சிதான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். சின்னவள் மட்டும் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. கடையை அடைத்துவிட்டு உள்ளே வேலை நடந்தது. ஒரு விடுதிக்குத் தலையணைகள் அனுப்ப வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் பஞ்சு அடைத்தோம், சின்னவள் தலையணை வாயைத் தைத்தாள், பெரியவள் இயந்திரத்தில் நுரை அறுத்தாள். மெத்தைக்காரர் தூரத்து மூலையில் பசை கலக்கிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் வைத்திருந்தார். ஈரக் காற்றில் பசை வாடையும் முட்டை வாடையும் சேர்ந்து அடித்தது.

அப்போது மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சின்னவளை வழியனுப்ப வந்தவர் பேச்சோடு பேச்சாகப் பலகையை எடுத்தார்.

"அடுத்த மாசம் வட்டாரப் போட்டி நம்ம மைதானத்துல. வாங்கிப் போட்ட பலகையெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, அம்பப் பிடுங்கவே ரெண்டு ஆள் வேணும். நீங்க மனசு வெச்சா..."

"வேண்டாம்" என்றார் மெத்தைக்காரர்.

"ஒரு வருசமாச்சுங்க."

"என் கையால ஒரு பொண்ணு வீணாப் போனது போதும். ஊராம் பொண்ணு எதுக்கு?"

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பெரியவள் அந்த நேரம் பார்த்து ஒரு பட்டையை அறுத்து முடித்திருந்தாள். எல்லோருக்கும் கேட்டது. வீணாப் போன பொண்ணு என்ற பேச்சு அந்த அறையில் அவளுக்கு முன்னால் வந்து விழுந்தது. அவள் அறுத்த பட்டையைத் தூக்கி அடுக்கில் வைத்தாள். ஓரம் சரியாக இருக்கிறதா என்று தடவினாள்.

மாஸ்டர் முட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று குடையை விரித்தார். சின்னவள் தையலை நிறுத்தியிருந்தாள்.

"அப்பா, அது பலகையால இல்ல."

அவர் பசையைக் கலக்கினார்.

"அன்னிக்குத் தாள்ல இருந்த நீல ஓட்டை, என் அம்போடது. அதுக்கு முந்தின சுத்துல நான் விட்டது. நான்தான் அதுக்குக் கோடு போடல."

"அந்த வெளியூர்ப் பொண்ணுன்னு சொன்னாங்க" என்றார் அம்மா.

"அவ அவ பக்கத்துக்கு ஒழுங்காத்தான் போட்டா. நடுவர் அதட்டினாருன்னு அழுதுட்டா."

"சரி, மறந்துட்ட. அவசரத்துல மறக்கறதுதான். அதப் போய் இப்ப..."

"மறக்கலம்மா."

இயந்திரத்தின் ஓட்டத்தைப் பெரியவள் நிறுத்தினாள். வாசல் தகரக் கூரையில் மழை விழுவது அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது.

"அந்த ஆறப் பாக்கவே எனக்குப் பிடிக்கல" என்றாள் சின்னவள். "மோசமான அம்புன்னா நான் பாக்கமாட்டேன்ல. நல்லதுக்கெல்லாம் கோடு போட்டேன். இத மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பிடுங்கிட்டேன். பாதி வழி வந்தப்ப ஞாபகம் வந்துச்சு. பேனா கையிலதான் இருந்துச்சு."

"திரும்பிப் போக வேண்டியதுதான?" பெரியவள் கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை.

"போயிருக்கலாம்."

"ஏன் போகல?"

"காத்து நின்னிருந்துச்சு. அடுத்த சுத்து லேட்டானா மறுபடி அடிக்கும்னு நெனச்சேன். ஒரு ஓட்டைதான, அடுத்த தடவ போட்டுக்கலாம்னு."

"அவ்வளவுதானா?"

சின்னவள் கையிலிருந்த ஊசியைத் தலையணையில் குத்தினாள், எடுத்தாள். "உனக்குக் கெடுக்கணும்னு நெனக்கலக்கா. ஆனா நீ முன்னாடி இருக்கன்னு எனக்குத் தெரியும். அது மனசுல இல்லவே இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியல. தெனமும் யோசிக்கறேன். ஒரு நாள் இல்லன்னு தோணுது, ஒரு நாள் இருந்துச்சுன்னு தோணுது. என்னோட ஆற உன் தலையில கட்டிட்டு நான் போயிட்டேன்."

"நடுவர் கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"அவ அழுதா. எல்லாரும் அவளப் பாத்தாங்க."

"நீயும் பாத்த."

"நானும் பாத்தேன்."

அம்மா பஞ்சை அடைத்துக்கொண்டே இருந்தார். அந்தத் தலையணை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. நான் எழுந்து மாடிக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் எழுந்து போனது ஒரு விஷயமாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மெத்தைக்காரர் பசைக் குச்சியை டப்பாவின் ஓரத்தில் வழித்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகம் லேசாகும் என்று சின்னவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நானும்தான் எதிர்பார்த்தேன்.

"பட்டை புதுசா இருந்தா அம்பு தாண்டியே இருக்காது" என்றார்.

"அப்பா, நான் சொல்றது..."

"கேட்டுச்சு. தாண்டினாத்தான ஓட்டையத் தேடணும்? தாண்ட விட்டது நான். நீ கோடு போடலன்னா அது உன் தப்பு. அத வெச்சு என் தப்பு எங்க போகும்?"

"கோடு இருந்திருந்தா தாண்டியும் அவளுக்குச் சரியான புள்ளி கிடைச்சிருக்கும்ப்பா. நான்தான்..."

"நானும்தான்."

"நிறுத்துறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் பெரியவள்.

கத்தவில்லை. அவள் கையில் ஒட்டியிருந்த நுரைத் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "கடையில பேரம் பேசற மாதிரி இருக்கு. எனக்கு எனக்குன்னு இழுத்துக்கறீங்க. ஒரு வருசமா இந்த வீட்டுல எல்லாரும் அவங்கவங்க தப்பத் தூக்கி வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க. அப்பா என் மூஞ்சியப் பாக்கறதில்ல. நீ ஊர் பூரா என் பேரச் சொல்லிக்கிட்டுத் திரியற. நான் செத்தா போயிட்டேன்?"

"அக்கா, நான் வெளிநாட்டுக்குப் போகல" என்றாள் சின்னவள். "மையத்துல சொல்லிடறேன். நடந்தது எல்லாத்தையும்."

"சொல்லு. சொல்லணும்னா சொல்லு. அந்தப் பொண்ணுக்காகவாவது சொல்லு, பாவம். ஆனா போகாம இருக்கறதும் எனக்காகவா? அதையும் என் கணக்குல எழுதுவியா?"

சின்னவள் தலையணையில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பெரியவள் இயந்திர மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து தங்கையின் எதிரில், நுரைக் கட்டின் மேல் உட்கார்ந்தாள். அவள் கையைப் பார்த்தாள். நாண் இழுத்துக் காய்த்த விரல்கள். பிறகு கேட்டாள்.

"என்கிட்ட ஒருத்தரும் கேக்காதது ஒண்ணு இருக்கு. நான் கேக்கறேன். அந்த மஞ்சள் ஓட்டையப் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"நான் எழுதற அட்டைய எடுத்துட்டு வர்றதுக்குள்ள நடுவர் முன்னாடி வந்து நின்னுட்டாரு. எனக்கு ஓரம்தான் தெரிஞ்சுது. அப்புறம் தாளக் கழட்டிட்டாங்க. ஒன்பதா, பத்தா?"

"பத்து."

"கோட்டுல பட்ட பத்தா?"

"இல்ல. உள்ள. நல்லா நடுவுல." சின்னவள் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் ஒரு இழை விலக்கிக் காட்டினாள். "நடுப் புள்ளிக்கு இவ்வளவுதான் தள்ளி."

பெரியவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். அவள் அழவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து விட்டாள், அவ்வளவுதான்.

"நான் ஒன்பதுன்னு நெனச்சேன்" என்றாள். "விட்ட நிமிசத்துல பத்துன்னு தெரிஞ்சுது. அப்புறம் நெனச்சுப் பாத்துப் பாத்து ஒன்பதாக்கிட்டேன். சில நாள் எட்டுன்னுகூடத் தோணும். விடும்போது எனக்குத் தெரியும்னு நம்பினதே பொய்யோன்னு. அதுலதான் நான் வில்ல விட்டேன், தெரியுமா. பலகையால விடல. நடுவரால விடல."

"அக்கா..."

"உன்கிட்ட அது இருந்திருக்கு. ஒரு வருசமா. போன் பண்ணுவ, சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேப்ப. இத மட்டும் உள்ளயே வெச்சிருந்திருக்க."

 நீல ஓட்டையைப் பற்றிச் சின்னவள் ஒரு வருடம் யோசித்திருக்கிறாள். மஞ்சள் ஓட்டையைப் பற்றி ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது.

"இனிமே யாரு கேட்டாலும் எனக்காகன்னு சொல்லாத" என்று பெரியவள் எழுந்தாள். "நீ ஜெயிச்சா உனக்கு. தோத்தாலும் உனக்கே." இயந்திரத்தை ஓட விட்டாள். மீதியிருந்த நுரைகளை அறுக்க ஆரம்பித்தாள். மெத்தைக்காரர் ஒரு முறை குச்சியை வைத்துவிட்டு இயந்திரத்தின் பக்கம் பார்த்தார். அவள் முதுகைத்தான் பார்த்தார். ஆனாலும் பார்த்தார்.

அன்று மாலை சின்னவள் மாஸ்டருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னாள். பழைய தேர்வைத் திரும்ப எடுக்க வழியில்லை, ஆனால் மேலே தெரியப்படுத்துகிறேன் என்றாராம் அவர். மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த வெளியூர்ப் பெண்ணின் எண்ணை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் வில்லை விட்டுவிட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்டாளாம். சின்னவள் பேசினாளா, பேசி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மாடிப்படியில் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அவள் கிளம்பிய காலையில் மழை விட்டிருந்தது. மெத்தைக்காரர் கடை வண்டியில் அவளை ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வில் பெட்டியைப் பின்னால் வைத்து, நழுவாமல் இருக்கச் சுற்றிலும் நுரைத் துண்டுகளைத் திணித்தார். அம்மா ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார். "அங்க போயி கண்டதையும் தின்னாத. பட்டினியும் கிடக்காத" என்றார். சின்னவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அக்கா இருந்த பக்கம் பார்த்தாள், பிறகு முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

பெரியவள் கடைக்குள்ளிருந்து வந்தாள். வண்டியை நோக்கி வருகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் பின்பக்கம் போய் அப்பாவின் எதிரில் நின்றாள்.

"எனக்கு ஒரு பலகை வேணும்."

அவர் கையில் நுரைத் துண்டோடு நின்றார்.

"நடுப் பட்டையெல்லாம் புதுசா இருக்கணும். திருப்பிப் போட்டா எனக்குத் தெரிஞ்சிடும்."

"எங்க வெக்கப் போற?" என்றார். அவள் முகத்தைப் பார்த்தா என்று கேட்டால், இல்லை, அவள் தோளைப் பார்த்து. ஆனால் அவளிடம்தான் கேட்டார்.

"பின்னாடி. செவுத்தோரம்."

"அங்க ஈரம் ஏறும். கீழ்ப் பலகைக்கு அடியில கட்டை கொடுக்கணும்."

"கொடுங்க."

"எவ்வளவு உயரம்?"

"என் உயரம் போதும்."

"போதாது. ஒண்ணு ரெண்டு அம்பு மேல போகும்."

"போகாது."

"ஒரு வருசம் தொடாத கை. போகும்" என்றார். அவள் உதடு லேசாக அசைந்தது. அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இரண்டு பேரும் சுவரோரம் போய்க் குனிந்து அளக்க ஆரம்பித்தார்கள். அவர் வாய்விட்டு எண்களைச் சொன்னார். அவள் இல்லை என்றாள், மறுபடி பிடியுங்கள் என்றாள்.

அம்மா புடவை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாச்சுன்னு சொல்லட்டுமா?" என்று வண்டிக்குள் கேட்டார்.

சின்னவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கதவைச் சாத்தாமல், ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.